ஏழு மணிப் பக்கம் விழுந்த குண்டுகள்

சின்னவளே, போன வாரம் பீரோவுக்குப் பின்னால் அந்த நீளமான கறுப்புப் பை காலியாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "துப்பாக்கி எங்கப்பா?" என்று கேட்டாய். "கிளப்புல குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு நான் கடைக்குக் கிளம்பிவிட்டேன். நீ கேட்டதற்கு அது பதில் ஆகாது. எட்டாவது படிக்கிறாய், சொன்னால் புரியும் வயசுதான். வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் உன் பழைய நோட்டில் மிச்சம் இருந்த பக்கங்களில் எழுதுகிறேன். பத்தாவது வரைக்கும் படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் அக்கா திருத்துவாள். அவளும் இதைப் படிக்க வேண்டும்.

என் வலது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது என்று உங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும். சுகரால் போனது என்று அம்மா சொல்லியிருப்பாள். அது சரிதான். ஆனால் கண் போகிறது என்று முதலில் காட்டிக்கொடுத்தது அந்தத் துப்பாக்கி. ஏழு மாதம் காட்டிக்கொண்டே இருந்தது. ஏழு மாதமும் நான்தான் அதன் வாயை அடைத்துக்கொண்டே வந்தேன்.

என்னை அந்தத் துப்பாக்கி கிளப்புக்குக் கூட்டிப்போனது கோட்டக்குப்பத்து பாய். உங்களுக்குத் தெரிந்த பாய்தான். பத்துப் பன்னிரண்டு வருஷம் துபாயில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு திண்டிவனத்தில் நம் கடைக்கு வந்தார். நான் காயில் கட்டுவதை நின்று பார்த்தார். தலைமயிர் மாதிரி செப்புக் கம்பியைச் சுற்று சுற்றாக இறக்கிக்கொண்டிருந்தேன்.

"யோவ், இன்னாய்யா கை இது? கொஞ்சங்கூட ஆடல. சுட வர்றியா?"

"யாரைச் சுடறது பாய்?"

"பேப்பரத்தான்யா. பேப்பர் திருப்பிச் சுடாது, பயப்படாத."

விழுப்புரத்தில் ஒரு பழைய மல்லாட்டை மில்லின் கொட்டகையை வாடகைக்கு எடுத்து பாயும் இன்னும் சிலரும் அந்த கிளப்பை நடத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே போனால் இன்னும் வேர்க்கடலைத் தோல் வாசனை அடிக்கும். பத்து மீட்டர் தள்ளி விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்கையளவு அட்டை. அட்டையில் கறுப்பு வட்டம், வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள், நட்ட நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பத்து மதிப்பெண். தள்ளி விழ விழ ஒன்பது, எட்டு, ஏழு என்று குறையும். சுடுவது காற்றுத் துப்பாக்கி. குண்டு ஈயத்தில் செய்தது, மிளகைவிடச் சின்னது.

மூன்று மாதம் கிளப் துப்பாக்கியில் கற்றுக்கொண்டேன். பிறகு சொந்தமாக ஒன்று வாங்க ஆசை வந்தது. பாய் விற்பனைக்கு இருந்த ரெண்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஒன்றில் பத்துக் குண்டை ஒரே நேரத்தில் போட்டு வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று யாரோ வைத்திருந்து விற்றது, பழசு, கனம் அதிகம், ஒற்றைக் குண்டுதான் ஏற்கும். ஒவ்வொரு முறையும் பக்கத்து லீவரை இழுத்து, கட்டைவிரலால் ஒரு குண்டை வைத்து அழுத்தி, லீவரை மூடி, அப்புறம்தான் தோளில் ஏற்ற வேண்டும்.

"இத்த எட்த்துக்கோ" என்று பாய் முதலாவதைத் தட்டினார். "டக்கு டக்குனு பத்து. ஜல்தியா வேலை முடியும்."

"ஜல்தியா முடிச்சிட்டு எங்க போறது பாய்? ஞாயித்துக்கெழமைதானே."

நான் ஒற்றையைத்தான் எடுத்தேன். காரணம் கேட்டால் என் தொழிலைத்தான் சொல்வேன். காயிலில் ஒரு சுற்று தப்பானால் மோட்டாரே எரிந்துபோகும். அடுத்த சுற்று இருக்கிறது என்று நினைக்கிறவன் கை தானாக அவசரப்படும். ஒரு குண்டு மட்டும் இருந்தால் அந்த ஒரு குண்டோடு இருப்போம். இன்னொரு விஷயமும் பாய் சொல்லிக்கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வை, கன்னத்தைக் கட்டையில் சாய், இப்போது கண்ணைத் திற. பின்பக்கத்து ஓட்டையும் முன்பக்கத்து வளையமும் தானாக ஒரே நேரில் நின்றால் அது உன் உடம்புக்கு ஏற்ற துப்பாக்கி. கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடு. பழசைத் தோளில் வைத்துக் கண்ணைத் திறந்தேன். வளையத்துக்குள் வளையம், அதற்குள் கறுப்பு வட்டம், எல்லாம் எனக்காகவே செய்து வைத்த மாதிரி நின்றது. இந்த வகைக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆதார் நகல் மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

அந்த ஒன்றரை வருஷம் நான் சந்தோஷமாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாசஞ்சர் வண்டியில் அந்தக் கறுப்புப் பையோடு உட்கார்ந்திருப்பேன். "இன்னாங்க அது, கிடாரா?" என்று ஒரு அம்மா கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். "அப்ப ஒரு பாட்டு வாசிங்க, விழுப்புரம் வர்ற வரைக்கும் பொழுது போவும்" என்றார். விக்கிரவாண்டி தாண்டும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கொட்டகையில் இரண்டு மணி நேரம். லீவர், குண்டு, மூச்சு, விசை. 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். கடை, கரண்ட் பில், யாருடைய மோட்டார் எப்போது என்று எதுவும் நினைவில் வராது. உன் அக்காவையும் கூட்டிப்போக ஆரம்பித்தேன். அவள் அப்போது பதினொன்றாவது. கிளப் துப்பாக்கியில் சுட்டாள். என்னைவிட நன்றாகவே சுட்டாள். அதைச் சத்தமாகச் சொன்னதில்லை.

சுகர் இருக்கிறது என்று அதற்கு மூன்று வருஷம் முன்பே சொல்லிவிட்டார்கள். மாத்திரை இருந்தால் போடுவேன், தீர்ந்தால் இரண்டு வாரம் கழித்து வாங்குவேன். வலி இல்லாத வியாதியை வியாதி என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் குண்டுகள் தள்ளி விழுந்தன. எங்கள் பேச்சில் அட்டையைக் கடிகாரம் மாதிரி வைத்துச் சொல்லுவோம். மேலே பன்னிரண்டு, கீழே ஆறு. என்னுடையது ஒரு மணிப் பக்கம், அதாவது வலது மேல் மூலையில் விழுந்தது. அதற்கு வழி இருக்கிறது. குறி பார்க்கிற அந்தப் பின்பக்கத்து ஓட்டையைச் சைட் என்போம், அதில் இரண்டு திருகு உண்டு. திருகினால் 'க்ளிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஒரு க்ளிக்குக்கு ஒரு இம்மி நகரும். இடப்பக்கம் இரண்டு, கீழே ஒன்று வைத்தேன். குண்டு நடுவுக்கு வந்துவிட்டது. பழைய துப்பாக்கி, ஏதாவது லூஸாகியிருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் மறுபடி ஒரு மணி. மறுபடி க்ளிக். குண்டு டப்பாவை மாற்றினேன். திருகாணிகளை எல்லாம் முடுக்கினேன். மறுபடி க்ளிக். துப்பாக்கியை மட்டும்தான் சந்தேகப்பட்டேன். அந்தக் கம்பிக்கும் கட்டைக்கும் பின்னால் ஒரு கண் இருக்கிறது, அது மாறிக்கொண்டே போகிறது என்று ஒரு நாளும் தோன்றவில்லை. தோன்றாததற்கும் ஒரு காரணம் உண்டு. சுடும்போது இடது கண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன பிளாஸ்டிக் மறைப்பு மாட்டிக்கொள்வோம். வலது கண் தனியாக வேலை செய்வது அந்த இரண்டு மணி நேரம்தான். கடையில், ரோட்டில், சாப்பாட்டில் இரண்டு கண்ணும் திறந்திருக்கும். நல்ல கண் கெட்ட கண்ணின் வேலையையும் சேர்த்துச் செய்துவிடும். எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் திண்டிவனத்தில் ஒரு ஸ்கூலில் இலவசக் கண் முகாம் போட்டார்கள். உங்கள் அம்மா அழைத்தாள்.

"இன்னாங்க, சுகர் இருக்கறவங்கள கட்டாயம் வரச் சொல்றாங்க. ஒரு எட்டு போய்ட்டு வந்துடுவோம்."

"பத்து மீட்டர்ல குண்டூசித் தலைய அடிக்கிறவன் நான். எனக்குக் கண்ணு டெஸ்டா? நீ போய்ட்டு வா."

அம்மா மட்டும் போய் ஒரு கண்ணாடி எழுதிக்கொண்டு வந்தாள். நான் அன்றைக்கு கிளப்புக்குப் போய்ப் பத்துக்கு எட்டுக் குண்டு நடுவில் போட்டேன். அந்த அட்டையைக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினேன். "டாக்டர் சர்டிபிகேட் பாரு" என்றேன். அவளும் சிரித்தாள். அந்த எட்டுக் குண்டுக்குப் பின்னால் அதுவரை திருகிய க்ளிக் எத்தனை என்று நான் எண்ணி வைக்கவில்லை.

இப்போது அக்கா விஷயத்துக்கு வருகிறேன். பெரியவளே, இதை உன்னிடமே சொல்கிறேன்.

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் நாள். கிளப் துப்பாக்கியில் காற்று கசிகிறது என்று என்னுடையதைக் கொடுத்தேன். கொடுக்கும்போது ஒன்று சொன்னேன், உனக்கு நினைவிருக்கும். "க்ளிக்கத் தொடாத. கஷ்டப்பட்டு செட் பண்ணி வெச்சிருக்கேன். கலைச்சிட்டா எனக்குத் திரும்ப வராது." போட்டிக்கு முன்னால் பார்த்துச் சரிசெய்துகொள்ள எல்லோருக்கும் நேரம் கொடுக்கிறார்கள். நீயும் நாலு குண்டு போட்டாய். நாலும் ஏழு மணிப் பக்கம், கீழே இடது மூலையில். திரும்பி என்னைப் பார்த்தாய்.

"அப்பா, எல்லாம் ஒரே எடத்துல விழுது. சைட்டுதான்பா. கொஞ்சம் திருப்பிக்கட்டுமா?"

"எனக்குப் பத்து விழுது இல்ல? உனக்கு மட்டும் ஏன் விழல? விசையப் புடுங்கற. மெதுவா அமுக்கு."

"புடுங்கலப்பா."

"சொல்றதக் கேளு."

நீ கேட்டாய். அன்றைக்குப் போட்டியில் நீ போட்ட பத்துக் குண்டும் ஏழிலும் ஆறிலும் விழுந்தது. லிஸ்டில் உன் பெயர் வரவில்லை. திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அத்தனை பேர் நடுவில், "நம்ம வீட்டுப் பொண்ணுக்கு நெதானம் இல்ல பாய்" என்று போனில் சொன்னேன். நீ தலை குனிந்துகொண்டு பையைப் பிடித்திருந்தாய். அடுத்த ஞாயிறு பரீட்சை என்றாய், அதற்கடுத்த ஞாயிறு தலைவலி என்றாய். அப்புறம் நானும் கூப்பிடவில்லை.

சுடுகிற எவனுக்கும் தெரிந்த பாடம் இது. குண்டுகள் சிதறி விழுந்தால் சுடுகிறவர் தப்பு. ஒரே இடத்தில் கொத்தாக விழுந்து, அந்தக் கொத்து நடுவை விட்டுத் தள்ளி இருந்தால் சுடுகிறவர் சரி, சைட்தான் தப்பு. உன் பத்துக் குண்டையும் ஒரு ரூபாய்க் காசு வைத்து மூடியிருக்கலாம். அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்த உடனே சைட் தப்பு என்று மனசுக்குள் ஒரு நொடி வந்தது. சைட் தப்பு என்றால் எனக்கு எப்படிப் பத்து விழுகிறது என்ற கேள்வி கூடவே வந்தது. அந்தக் கேள்விக்குப் போகாமல் உன்னைத் திட்டுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் போயிற்று. பாய் தன் துப்பாக்கியை ஏதோ ரப்பர் மாற்றக் கொடுத்திருந்தார். என்னுடையதை வாங்கி மூன்று குண்டு போட்டார். மூன்றும் ஏழு மணி. அதுவும் கறுப்பை விட்டு வெளியே, வெள்ளையில்.

"யோவ், இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க? எந்த ஊருக்குச் சுடுது இது?"

"எனக்கு நல்லாத்தான் விழுது பாய்."

"எங்க, சுடு."

சுட்டேன். ஒன்பது. இன்னொன்று. பத்து. பாய் சிரிக்கவில்லை. அவர் எப்போதும் எதையாவது சொல்லி வம்புக்கு இழுக்கிறவர். அன்றைக்கு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். துப்பாக்கியை வாங்கி நடுவுக்கு வரும் வரை திருகை எதிர்ப்பக்கம் திருப்ப ஆரம்பித்தார். ஒவ்வொரு க்ளிக்கையும் வாய்விட்டு எண்ணினார். இருபதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"இடது கண்ண கையால பொத்து. அந்த ஷட்டரப் பாரு. இன்னா தெரியுது?"

கொட்டகை வாசலில் மடிப்பு மடிப்பாகக் கோடு போட்ட இரும்பு ஷட்டர். இரண்டு வருஷமாக வாரா வாரம் பார்க்கிற ஷட்டர். இடது கண்ணைப் பொத்தினேன். கோடுகள் நடுவில் குழிந்து கிடந்தன. யாரோ லாரியைக் கொண்டுவந்து இடித்த மாதிரி. குழிக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு அழுக்கு. கையை எடுத்தேன், ஷட்டர் நேராக நின்றது. பொத்தினேன், குழிந்தது.

"யாரோ ஷட்டர இடிச்சிட்டாங்களா பாய்?" என்று கேட்டேன். தெரிந்தே கேட்டேன்.

பாய் என் தோளில் கை வைத்து, "நாளைக்கு பாண்டி போறோம்" என்றார்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கண்ணில் சொட்டு விட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசு. கண்ணுக்குப் பின்னால் இரத்தக் குழாய் கசிந்து, பார்வையின் நடு இடம் வீங்கியிருக்கிறது என்றார்.

"எவ்ளோ நாளா இப்டி இருக்கு?"

"தெரியலம்மா."

"ஏழு மாசமா இருக்கும் டாக்டர்" என்றார் பாய். வரும் வழியில் என்னிடம் எல்லாம் கேட்டு வைத்திருந்தார். "அப்பலேர்ந்து துப்பாக்கி சைட்ட திருப்பிக்கினே இருந்திருக்காரு."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. பாய் கையால் செய்து காட்டி விளக்கினார். நடுப்பார்வை கெடக் கெட, கண் தனக்குத் தெரிகிற ஓரத்தால் பார்க்கப் பழகியிருக்கிறது, கன்னமும் அதற்கேற்ப நகர்ந்திருக்கிறது, குண்டு தள்ளிப் போயிருக்கிறது, நான் அந்த அளவுக்குச் சைட்டை நகர்த்தியிருக்கிறேன். கேட்டுவிட்டு அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார்.

"மொதல் மாசமே வந்திருந்தீங்கன்னா நெறைய காப்பாத்தியிருக்கலாம்ங்க" என்றார். "இருக்கறத நிறுத்திப் பாப்போம். போனது வராது."

மூன்று மாதம் மூன்று ஊசி. ஊசி கண்ணுக்குள்ளேயே போடுகிறார்கள். வீக்கம் கொஞ்சம் வடிந்தது, சாம்பல் அழுக்கு போகவில்லை. வலது கண்ணால் உங்கள் முகத்தைப் பார்த்தால் காதும் முடியும் தெரியும், மூக்கும் வாயும் இருக்கிற இடத்தில் அந்த அழுக்கு இருக்கும். இடது கண்ணிலும் புள்ளிகள் ஆரம்பித்திருக்கின்றன, கண்காணிக்க வேண்டும் என்றார்கள். இடது கண்ணால் சுடலாம், அதற்கு இடது கைத் துப்பாக்கி இருக்கிறது என்று பாய் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மனசு வரவில்லை. என்னுடையதை கிளப்பிலேயே விட்டேன். பாய் அதை நடுவுக்குத் திருப்பி வைத்திருக்கிறார். புதிதாக வருகிற பிள்ளைகள் சுடுகிறார்கள். காயில் கட்டும் வேலையில் மெல்லிய கம்பி வந்தால் இப்போது வேறு கடைக்கு அனுப்புகிறேன். தடிமனான கம்பி மட்டும்தான் நான் கட்டுகிறேன்.

பெரியவளே, இதில் எதையும் உன்னிடம் நான் சொல்லவில்லை. சுகரால் கண் போனது என்பதோடு நிறுத்திக்கொண்டேன். நீ இப்போது விழுப்புரத்தில் பி.காம் படிக்கிறாய். அந்தக் கொட்டகை இருக்கிற தெரு வழியாகத்தான் உன் காலேஜ் பஸ் போகிறது. ஒரு நாளும் நீ அதைப் பற்றிப் பேசியதில்லை. உனக்கு நிதானம் இல்லை என்று நான் சொன்னதை நீ இன்னும் நம்பிக்கொண்டிருப்பாய் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. உன்னிடம் இருந்த நிதானம் என்னிடம் இருந்ததில்லை.

சின்னவளே, ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். சின்னச் சின்னக் கட்டம், நடுவில் ஒரு புள்ளி. வாரம் ஒரு முறை ஒவ்வொரு கண்ணாகப் பார்த்து, எந்தக் கோடாவது வளைகிறதா என்று சொல்ல வேண்டும். தனியாகப் பார்த்தால் நான் ஏமாற்றிக்கொள்வேன் என்று யார் சொன்னார்களோ, அக்கா அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் என்னை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, தன் உள்ளங்கையால் என் வலது கண்ணைப் பொத்துவாள்.

போன ஞாயிறும் பொத்தினாள். இடது கண்ணால் புள்ளியைப் பார்த்தேன்.

"எல்லாம் நேரா இருக்காப்பா?"

புள்ளிக்குக் கொஞ்சம் கீழே ஒரு கோடு, நனைந்து காய்ந்த நூல் மாதிரி, லேசாக நெளிந்தது. தலையை ஒரு இம்மி சாய்த்தால் நேராகிவிடும் போல இருந்தது. சாய்க்க என் கழுத்து தானாகவே போயிற்று. நேராக இருக்கிறது என்று சொல்ல வாயும் வந்துவிட்டது. அவள் கை என் முகத்தில் சூடாக இருந்தது.

"இல்லம்மா" என்றேன். "கீழ ஒரு கோடு நெளியுது."

அவள் கையை எடுக்கவில்லை. "எந்தக் கோடு? தொட்டுக் காட்டு" என்றாள். தொட்டுக் காட்டினேன். பேனாவால் அந்த இடத்தில் குறித்துக்கொண்டாள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினாள். நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு அவளே கூட வருகிறாள்.

நாளைக்கு என்ன சொல்வார்கள் என்று தெரியாது. அதனால்தான் சின்னவளே, இன்றைக்கே உட்கார்ந்து இத்தனை பக்கமும் எழுதிவிட்டேன். அக்கா தூங்கப் போவதற்கு முன்னால் நோட்டை அவள் கையில் கொடு.